சின்னப் பிள்ளைகளுக்குப் பெரியவர் பாணி ஷூவும் உடையும்: கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குழந்தைகள் துணிக்கடை நடத்துகிறேன். ஒரு பக்கச் சுவரில் செருப்பு, ஷூவும் உண்டு. ஜூன் மாதப் பள்ளித் திறப்பு, தீபாவளி, தை மாதக் கல்யாணங்கள் என்று எப்போது கூட்டம் வந்தாலும் பெற்றோரின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஹீல்ஸ், கட் ஷூ, ஒட்டிப் பிடிக்கும் ஜீன்ஸ், கோட் சூட், ரெடிமேட் சேலை என்று பெரியவர்கள் போடுவதையே சின்ன அளவில் தைத்து அனுப்பும் சரக்குதான் இப்போது அதிகம் வருகிறது. அதையெல்லாம் பிள்ளைக்குப் போடலாமா என்பதுதான் கேள்வி.

கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதியிருக்கிறேன். பேச்சு ஒரு வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. பிள்ளை கால் வலிக்கிறது என்றாலோ, நடையில் கோணல் தெரிந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாப்பாவுக்கு முதல் பிறந்தநாள். இன்னும் சரியா நடக்கல. அழகா ஒரு ஷூ எடுத்துக்கலாமா அக்கா?

போட்டோவுக்கு என்றால் எடுங்கள், துணியில் தைத்த மெத்தென்ற ஷூவாக. நடை பழக என்றால் வேண்டாம். அந்த வயதில் பாதத்தின் பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான். எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் வளையும். குழந்தை விரல்களால் தரையைப் பற்றித்தான் நிற்கக் கற்றுக்கொள்கிறது. தடித்த சோலுக்குள் விரல்களுக்கு வேலையே இல்லை. வீட்டுக்குள் வெறுங்கால் போதும். டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸோடு மட்டும் விடாதீர்கள், வழுக்கிவிடும்.

பீப்பீ என்று சத்தம் போடும் ஷூவையும் இதோடு சேர்த்தே கேட்பார்கள். சத்தம் வரவேண்டுமே என்று குழந்தை குதிகாலை ஓங்கி ஓங்கி மிதிக்கும். அது இயல்பான நடை இல்லை. கீழ் வீட்டுக்காரர்களின் மதியத் தூக்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

வெறுங்கால்லயே விட்டா பாதம் தட்டையாயிடும், ஷூ போட்டாதான் வளைவு வரும்னு சொல்றாங்களே?

ஆய்வு சொல்வது இதற்கு நேர் எதிர். நம் பக்கத்து மாநிலத்தில், மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த உதய ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 4 முதல் 13 வயதுவரை உள்ள 2,300 குழந்தைகளின் காலடித் தடங்களை எடுத்துப் பார்த்து 1992-ல் வெளியிட்டார்கள். காலணி போட்டுப் பழகிய பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம்; போடாதவர்களில் 2.8 சதவீதம்தான். காலணி போட்டவர்களிலும், விரலை மூடும் ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். 1995-ல் வளர்ந்தவர்கள் 1,846 பேரை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அதிலும் ஆறு வயதுக்கு முன்பே ஷூ போடத் தொடங்கியவர்களிடம்தான் தட்டைப் பாதம் கூடுதலாக இருந்தது.

இன்னொன்று, சின்னக் குழந்தை எல்லோருக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்வளைவு இருக்க வேண்டிய இடத்தைக் கொழுப்புச் சதை நிரப்பியிருக்கும். ஐந்து, ஆறு வயது வாக்கில் வளைவு தானாகத் தெரிய வரும். அதற்காக ‘ஆர்ச் சப்போர்ட்’ என்று எழுதிய ஷூவுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வாசலைத் தாண்டினால் செருப்பு வேண்டும். கண்ணாடித் துண்டு, மே மாதத்துத் தார் ரோடு, மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு எல்லாம் நிஜமான ஆபத்து. குதிகாலுக்குப் பின்னால் பட்டை வைத்த செருப்பே போதும்.

சைஸ் எப்படிப் பார்க்கிறது? போட்டுப் பார்த்தா ‘சரியா இருக்கு’ன்னுதான் பிள்ள சொல்லுது.

பிடித்த ஷூ காலில் ஏறிவிட்டால் பிள்ளை அப்படித்தான் சொல்லும். பாதம் இளசாக இருப்பதால் இறுக்கினாலும் உடனே வலி தெரியாது. நாம் கட்டைவிரலால் ஷூ முனையை அழுத்திப் பார்த்தாலும் பிள்ளை விரலை உள்ளே மடக்கிக்கொள்ளும். இடம் இருப்பதுபோல நமக்குத் தோன்றும்.

நான் சொல்லும் வழி இதுதான். சாயங்காலத்தில், பிள்ளையை நிற்க வைத்து, ஓர் அட்டையில் இரண்டு பாதத்தையும் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். பகல் முழுக்க ஓடியாடிய பாதம் சாயங்காலத்தில் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு பாதமும் ஒரே அளவில் இருக்காது, பெரியதுதான் கணக்கு. அந்த அட்டையை ஷூவுக்குள் விட்டால் மடங்காமல் கிடக்க வேண்டும், முன்னால் ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். அட்டையின் ஓரம் சுருண்டால் அந்த ஷூவின் அகலம் போதாது. கூர்மூக்கு கட் ஷூக்கள் பெரும்பாலும் இதில்தான் தோற்கும்.

ஒரு ரெண்டு சைஸ் பெருசா எடுத்தா அடுத்த வருஷமும் ஆகுமே?

ஆகாது. பிள்ளை ஷூவைக் காலில் நிறுத்துவதற்காக விரலை மடக்கி இழுத்து இழுத்து நடக்கும், தடுக்கி விழும். கணக்கையும் பாருங்கள். மூன்று வயதுவரை பாதம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளர்கிறது. நம் கடைகளில் இருக்கும் இங்கிலாந்து அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது ஆறு மாதத்தில் ஒரு சைஸ் தாண்டிவிடும். விலை கூடிய ஒரு ஜோடியை வருஷம் முழுக்க இழுப்பதைவிட, எளிய ஜோடியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது மேல். மூன்று வயதுக்கு மேல் வளர்ச்சி கொஞ்சம் மெதுவாகும். அப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அட்டை வேலையைச் செய்யுங்கள்.

சின்ன ஹீல்ஸ்தான், ஒரே ஒரு இஞ்ச். சித்தி கல்யாணத்துக்கு மட்டும். என்ன ஆயிடப் போகுது?

ஒரு இஞ்ச் என்பது யாருடைய காலுக்கு ஒரு இஞ்ச்? நாலு வயதுப் பிள்ளையின் பாதம் சுமார் 16 சென்டிமீட்டர் நீளம். உங்களுடையது 24 என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஒரு இஞ்ச் ஹீல் என்றால், பாதம் சாயும் கணக்கில் அது உங்களுக்கு ஒன்றரை இஞ்ச் ஹீல். உங்களுக்காவது அதில் நின்று பேசுவதோடு வேலை முடியும். அவள் மண்டபத்தில் நடந்து போவாளா? பந்திக்கும் மேடைக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பாள்.

ஹீல் உயர்ந்தால் உடம்பின் பாரம் முன்பாதத்துக்கு வரும், விரல்கள் ஷூவின் மூக்குக்குள் போய் நெருக்கும், கணுக்கால் பிரள்வது சுலபமாகும். தினமும் போட்டால் கெண்டைக்கால் தசையும் குதிநாணும் குறுகிப் பழகிவிடும். குதிகால் எலும்பில் வளர்ச்சி நடக்கும் இடம் பதின்ம வயதில்தான் மூடுகிறது. ஒரு கல்யாணத்தில் இரண்டு மணி நேரம் போட்டதால் கால் கெட்டுவிடாது, உண்மைதான். அன்றைக்கே விழுந்து பல் உடையலாம் என்பதுதான் என் கவலை. மின்னும் கல் வைத்த, பின்பட்டை உள்ள தட்டைச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். பிள்ளைக்கு வேண்டியது அந்த மினுக்குதான், உயரம் அல்ல.

வீட்ல என் ஹீல்ஸ எடுத்துப் போட்டுக்கிட்டு டக் டக்னு நடக்கிறா. அதுவும் தப்பா?

அது விளையாட்டு. அம்மா செருப்பு, அப்பா சட்டை, தாத்தா கண்ணாடி எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காத பிள்ளை உண்டா? பத்து நிமிடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும். மாடிப்படிப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஸ்கூல்ல கறுப்பு ஷூ கட்டாயம். எதைப் பார்த்து எடுக்கணும்?

கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூ வளைய வேண்டும். நட்டநடுவில் இரண்டாக மடிந்தாலும் சரியில்லை, எங்குமே வளையாவிட்டாலும் சரியில்லை. எடை குறைவாக, மூக்குப் பகுதி அகலமாக, குதிகால் பகுதி தட்டையாக இருக்கட்டும். பிள்ளைக்கு லேஸ் கட்டத் தெரியும்வரை வெல்க்ரோ போதும். லேஸ் அவிழ்ந்து மிதிபட்டு விழும் பிள்ளைகள்தான் அதிகம். அப்புறம், ஸ்கூல் விட்டு வந்ததும் கழற்றிவிடுங்கள். காலை எட்டு மணிக்குப் போட்ட ஷூவும் சாக்ஸும் டியூஷன் முடியும்வரை காலில் இருந்தால் நம் ஊர் வெயிலில் விரலிடுக்குப் புண்ணாகிவிடும்.

அண்ணனோட ஷூ புதுசு மாதிரியே இருக்கு. தம்பிக்குப் போடலாமா?

பார்க்கப் புதுசாக இருந்தாலும் உள்ளே அண்ணன் பாதம் பதிந்த அச்சு இருக்கும். சோலைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வேண்டாம். நாலைந்து தடவை போட்டது என்றால் தாராளமாகப் போடலாம். துணிக்கு இந்தக் கணக்கே இல்லை. அண்ணன் சட்டை துவைத்துத் துவைத்து மெத்தென்று இருக்கும், புதுசைவிட நல்லது.

ரெண்டு வயசுப் பையன். அவங்க அப்பா மாதிரியே ஜீன்ஸ், பெல்ட், டக்-இன் பண்ணிப் பார்க்கணும்னு ஆசை.

ஆசை நியாயமானது. ஆனால் அந்த வயதில்தானே ஒன்றுக்கு, ரெண்டுக்குச் சொல்லப் பழக்குகிறோம்? அவசரமாக வரும்போது பெல்ட், பட்டன், ஜிப் மூன்றையும் திறப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். பிறகு ‘சொல்லத் தெரியலை’ என்று திட்டு வாங்குவதும் அவன்தான். ஜிப்பில் தோல் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுவதும் நடக்கிறது. ஜிப் வைத்த பேன்ட் என்றால் உள்ளே ஜட்டி கட்டாயம்.

எலாஸ்டிக் இடுப்பு வைத்து, ஜீன்ஸ் மாதிரியே தோன்றும் மெல்லிய துணி பேன்ட் இப்போது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பொய் ஜிப்புகூட வைத்துத் தைத்திருப்பார்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது நான் பிள்ளையைக் குந்தி உட்காரச் சொல்வேன், அப்புறம் சம்மணம், அப்புறம் கையை மேலே தூக்கச் சொல்வேன். மூன்றும் முகம் சுளிக்காமல் வந்தால் அந்த உடை பிள்ளை உடை. கீழே வரும் பல கேள்விகளுக்கும் இதுதான் பதில் என்பதால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

பிறந்தநாளுக்குக் கோட் சூட் எடுக்கட்டுமா, ஷெர்வானியா?

குந்துவது, சம்மணம், கை தூக்குவது மூன்றிலும் இரண்டுமே பெரும்பாலும் தோற்கும். கோட்டு போட்ட மூன்று வயதுப் பையனுக்குப் பலூனை மேலே பிடித்துக் காட்டினேன். கையைத் தூக்கியதும் தோள் பட்டை காதுவரை ஏறி, அக்குளில் தடுத்து, பாதியிலேயே கை நின்றுவிட்டது. பலூனை எட்ட முடியாத உடை பிறந்தநாளுக்கு எதற்கு? உள்ளே பாலியஸ்டர் லைனிங், கழுத்தில் டை என்று சேரும்போது ஒரு மணி நேரத்தில் வேர்க்குரு பொரிந்துவிடும்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் கேக் வெட்டும்வரை மட்டும். பையில் ஒரு காட்டன் சட்டை, அரை டிராயர் இருக்கட்டும். வேட்டி சட்டை என்றால் எனக்குச் சந்தோஷம். எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ வைத்த சின்ன வேட்டி காற்றோட்டமானது, நொடியில் கழற்றலாம், கணுக்காலுக்கு மேல் நின்றால் தடுக்காது. பெரியவர் உடை எல்லாமே பிள்ளைக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை என்பதற்கு வேட்டியே சாட்சி.

பொண்ணுக்கு ரெடிமேட் சேலை, இல்லாட்டி லெஹங்கா. பட்டுப் பாவாடை பழசாத் தெரியுதே?

பட்டுப் பாவாடை சட்டை என்பதே பிள்ளைக்கென்று வந்த உடை. பாவாடை, அப்புறம் தாவணி, அப்புறம் சேலை என்று வயதுக்கேற்ற வரிசை நம்மிடம் இருந்தது. பாவாடையின் அடியில் டக் பிடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். இரண்டு மூன்று தீபாவளிக்கு ஒரே பாவாடை வரும். இப்போதும் தையல்காரரிடம் சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

லெஹங்காவில் தொல்லை இரண்டு இடத்தில். ஒன்று, புஸ்ஸென்று நிற்பதற்காக உள்ளே வைக்கும் கேன்கேன் வலை. லைனிங் இல்லாமல் நேராகக் காலில் உரசினால் தொடையெல்லாம் சிவந்து போகும். இரண்டு, அக்குள் ஓரத்துச் சம்கியும் கல்லும். வாங்கும் முன் உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் அந்த ஓரத்தை நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே கீறினால் அவளுக்கு என்ன ஆகும்? மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கல்லும் சம்கியும் ஒட்டி வைத்த உடையே வேண்டாம்; பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

ரெடிமேட் சேலை, நீளத் தாவணி போட்டால் பைக்கில் கூட்டிப் போகாதீர்கள். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி சொல்வதே, பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். நாம்தான் பைக் அழகு கெடுகிறது என்று கழற்றிவிடுகிறோம்.

தீபாவளி அன்னைக்கு அந்த லெஹங்காவோடயே பட்டாசு வெடிக்கலாமா?

கூடாது. இதில் மட்டும் நான் சமரசம் பேசுவதில்லை. நைலான் வலையில் பொறி பட்டால் குபீரென்று பிடிக்கும், உருகித் தோலோடு ஒட்டும். காட்டனும் எரியும்தான், ஆனால் உருகி ஒட்டாது. கோயிலுக்குப் போய் வந்ததும் லெஹங்காவைக் கழற்றி, தொங்கல் இல்லாத காட்டன் உடை போட்டுவிட்டுக் கம்பி மத்தாப்பைக் கையில் கொடுங்கள்.

தலைமூடி வச்ச டி-ஷர்ட்டுல கயிறு தொங்குது. ஸ்டைலாத்தானே இருக்கு?

அந்தக் கயிறு சறுக்கு மரத்தின் இடுக்கில் மாட்டிக் கழுத்தை இறுக்கிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-லேயே பிள்ளைகள் மேலுடையில் கழுத்துக் கயிறு வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஐரோப்பியத் தரவிதியும் ஏழு வயதுக்குட்பட்டவர் உடையில் தலை, கழுத்துப் பகுதியில் கயிறு தொங்குவதை அனுமதிப்பதில்லை. வீட்டில் அப்படிச் சட்டை இருந்தால் கயிற்றை உருவி எறிந்துவிட்டுப் போடுங்கள். சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

ஆறு வயசுக்கு க்ராப் டாப், பஞ்சு வச்ச டாப்னு பெரிய பொண்ணுங்க டிரஸ் மாதிரியே வருது. வாங்கிக் கொடுக்க மனசு வரல. நான் பழைய பஞ்சாங்கமா?

இல்லை. 2010-ல் இங்கிலாந்தில் பிரைமார்க் கடைகள் சிறுமிகளுக்குப் பஞ்சு வைத்த நீச்சலுடை விற்கப் போய், பெற்றோர் கொதித்து எழுந்ததும் அதை விற்பனையிலிருந்து எடுத்தன. அடுத்த ஆண்டு அரசு கேட்டு ரெக் பெய்லி என்பவர் தலைமையில் ஓர் ஆய்வறிக்கை வந்தது. அங்குள்ள சில்லறை வணிகர் சங்கமும் பிள்ளைகள் உடை எப்படி இருக்க வேண்டும் என்று நெறிமுறை எழுதியது. ஆக இது உங்கள் ஒருவர் கவலை மட்டும் இல்லை.

என் கணக்கு எளிது. வயிறு தெரிகிறதா, கை இல்லையா என்பதெல்லாம் பிரச்சினையே இல்லை. நம் பிள்ளைகள் அரைஞாண் கயிறோடு தெருவில் ஓடி வளர்ந்தவர்கள்தான். வெயிலுக்குக் கை இல்லாத கவுன் நல்லது. இல்லாத உடல்வாகை இருப்பதுபோலக் காட்டத் தைத்த உடைதான் பிள்ளைக்கு வேண்டாதது. அதைப் போட்டதும் ‘அய்யோ, ஹீரோயின் மாதிரி இருக்கா’ என்று சுற்றி நிற்பவர்கள் சொல்வது இன்னும் வேண்டாதது. தன் உடம்பு எப்படித் தெரிகிறது என்ற யோசனை ஆறு வயதில் தொடங்க வேண்டாமே.

கையில்லாத கவுன் போட்டாலே ‘தப்பான பார்வை விழும்’னு மாமியார் சண்டைக்கு வர்றாங்க.

தப்பான பார்வைக்குப் பொறுப்பு பார்க்கிறவர்தான். குழந்தை மீதான பாலியல் குற்றத்துக்கு உடை காரணம் இல்லை. பட்டுப் பாவாடையிலும் யூனிஃபார்மிலும் இருந்த பிள்ளைகளுக்கும் கொடுமை நடந்திருக்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டத்திலும் பிள்ளை என்ன உடுத்தியிருந்தது என்று தப்பிக்க இடம் இல்லை. ‘உன் டிரஸ்ஸாலதான்’ என்று பிள்ளை காதில் விழுந்துவிட்டால், நாளைக்கு ஏதாவது நடந்தாலும் தன் மேல்தான் தப்பு என்று நினைத்து வாயைத் திறக்காது. மாமியாரின் பயம் பேத்தி மேல் உள்ள பாசம்தான். அதனால் சண்டை வேண்டாம். உடை பற்றிப் பேசும் நேரத்தில், யாராவது தொட்டால் வந்து சொல்லு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதுவேதான் வேணும்னு கடையில உருண்டு அழுவுறா. அப்ப என்ன பண்றது?

கடைக்கு வருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கடைக்குள் வந்த பிறகு, உங்களுக்குச் சம்மதமான இரண்டை எடுத்து வைத்து, ‘இதுல எது?’ என்று கேளுங்கள். எல்லா ரேக்கையும் காட்டிவிட்டு ‘எது வேணும்?’ என்று கேட்டால், ஹீல்ஸைத்தான் காட்டும். என் கடையில் ஹீல்ஸ் இல்லை; வேறு கடையில் அதற்கு அடம் பிடித்தால், போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு எட்டு வைத்ததும் பாதிப் பேர் தாங்களே கழற்றிவிடுவார்கள். மீதிப் பாதிக்கு அழுகைதான். அழட்டும், வெளியே ஐஸ் வண்டி நிற்கிறது.

அத்தை ஆசையா வாங்கி அனுப்பிட்டாங்க. போடலைன்னா கோவிச்சுக்குவாங்க.

ஒரு தடவை போட்டு, உட்கார வைத்து, போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். பிறகு தையல்காரரிடம் கொடுத்தால் கேன்கேனைப் பிரித்தெடுத்து, உள்ளே காட்டன் லைனிங் கொடுத்து, நீளத்தைக் கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துத் தருவார். ஹீல்ஸுக்கு மட்டும் ஆல்டரேஷன் கிடையாது. அது அலமாரியில் இருக்கட்டும்.

இவ்வளவும் சொல்றீங்க. உங்க கடையிலயே கோட் சூட் தொங்குதே அக்கா?

தொங்குகிறது. வைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கே கையைத் தூக்கிப் பார்க்கச் சொல்ல ஆள் இருக்காது. கோட் சூட்டும் லெஹங்காவும் சில மணி நேர உடை என்று சொல்லித்தான் விற்கிறேன். பிள்ளைகளுக்கு ஹீல்ஸ், பஞ்சு வைத்த டாப், கழுத்துக் கயிறு வைத்த சட்டை மூன்றும் என் கடையில் எடுப்பதில்லை. சப்ளையர் பெட்டியில் கலந்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தள்ளுபடி விலையில் கேட்டாலும் கிடைக்காது.